சீமெந்து அண்ணை கட்டிய புகைக்கூடு

மொன்றியலில் எங்கள் ஆட்கள் வாங்கிய பழைய வீடுகளில் பாதி இன்றைக்கும் நிமிர்ந்து நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் சீமெந்து அண்ணை. மற்றப் பாதி கொஞ்சம் சரிந்து நிற்கிறது என்றால் அதற்கும் அவர்தான் காரணம்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். வருஷக் கணக்காகப் பழகிவிட்ட மனிதரிடம் போய், "உங்கட பேர் என்ன அண்ணை?" என்று கேட்பதற்கு ஒரு துணிவு வேண்டும். எனக்கு பேக்கரியில் பாணை வெட்டித் தரச் சொல்லிக் கேட்கவே துணிவு காணாது. என் கைத்தொலைபேசியில் அவர் "சீமெந்து". மனைவியின் தொலைபேசியிலும் "சீமெந்து". கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டபோது, "சீமெந்து எண்டே சொல்லுங்கோ, அவருக்கு விளங்கும்" என்று மூலஸ்தானத்தைக் காட்டினாராம். நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

பெயர் சும்மா வரவில்லை. உலகத்தில் உள்ள எல்லாக் குறைக்கும் அவரிடம் இருந்த ஒரே மருந்து சீமெந்து. எலி வந்தால் சீமெந்து. குழாய் ஒழுகினால் சீமெந்து. எங்கள் சமையலறை மேசையின் ஒரு கால் ஆடுகிறது என்று மனைவி ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அன்றைக்கே அந்தக் காலுக்கு அடியில் ஒரு கரண்டி சீமெந்து வைத்தார். மேசை அதற்குப் பிறகு ஆடவில்லை. நகரவும் இல்லை. மனைவி இன்றுவரை அந்த மேசையைச் சுற்றித்தான் வீடு கூட்டுகிறாள்.

ஆள் கட்டை. மயிர் அடர்ந்த புருவம். அந்தப் புருவத்தில் கோடையிலும் குளிரிலும் சாம்பல் நிறத்தில் சீமெந்துத் தூள். மட்டம் பார்க்கிற கருவியை அவர் தொட்டது கிடையாது. "உது பொய் சொல்லும் தம்பி. கண் பொய் சொல்லாது" என்பார். ஒரு கண்ணை மூடி, தலையைச் சரித்து, சுவரைப் பார்ப்பார். இடக் கண்ணை மூடிக் கட்டிய சுவர்கள் வலப்பக்கம் சரிந்தன. வலக் கண்ணை மூடிக் கட்டியவை இடப்பக்கம் சரிந்தன. இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு அவர் ஒரு சுவரைக் கட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

எங்கள் வீட்டுக்கு முதன்முதல் அவர் வந்தது குளியலறைத் தரைக்கு டைல்ஸ் பதிக்க. மொன்றியலின் வில்லரே பகுதியில் நாங்கள் அந்தப் பழைய வீட்டை வாங்கிய வருஷம். வேலை முடிந்து வாளியால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். தண்ணீர் போகவேண்டிய ஓட்டையை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே வாசலுக்கு வந்தது.

"அண்ணை, தண்ணி வாசல் பக்கம் எல்லே வருகுது" என்றாள் மனைவி. நான் அவளுக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டினேன்.

அவர் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "புதுத் தரை தங்கச்சி. தண்ணிக்கு இன்னும் வழி பழகேல்லை."

தண்ணீர் இன்னும் பழகவில்லை. வாசலில் ஒரு துவாயைப் போட நாங்கள் பழகிவிட்டோம்.

அப்படியிருந்தும் ஏன் அவரையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம் என்று கேட்பீர்கள். வேறு ஆட்களைக் கூப்பிடுவதென்றால் தொலைபேசியில் பிரெஞ்சு பேச வேண்டும். என் பிரெஞ்சு "பொன்ஜூர்" என்று தொடங்கி "மெர்சி" என்று முடியும்; நடுவில் ஒன்றும் இல்லை. ஆனால் அது மட்டும் காரணமில்லை. வேலை முடிந்ததும் அவர் அந்த நகராத மேசையில் இருந்து தேத்தண்ணி குடிப்பார். நான் முன்னால் இருப்பேன். என்னைப்போல வாய் திறக்காத மனிதனுக்கு அவர் ஒரு வரம். நான் பேசவேண்டிய பங்கையும் அவரே பேசிவிடுவார். "தம்பி என்ன நினைக்கிறான் எண்டு எனக்குத் தெரியும்" என்று தொடங்குவார். நான் நினைத்ததைவிட நல்லதாக ஒன்றைச் சொல்வார். அவர் வந்து போன நாட்களில் நானும் நிறையக் கதைத்ததுபோல எனக்கு ஒரு நிறைவு இருக்கும்.

இனிப் புகைக்கூட்டுக் கதை.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஒரே மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். மார்கழியில் பிள்ளை பிறக்கும் என்றார்கள். பிறந்து முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை மகளும் பிள்ளையும் தாய்வீட்டில் இருக்க வேண்டும், பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சரக்கு அரைத்துக் கறி கொடுக்க வேண்டும், இலைகள் அவித்து வேது வைத்துக் குளிக்க வார்க்க வேண்டும் என்று மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். மகள் இங்கே வளர்ந்தவள்; இதெல்லாம் தேவையா என்று இழுத்தாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்.

"வாறன் அப்பா. ஆனால் வீடு சூடா இருக்கோணும். போன வருஷம்போல ஜக்கெற் போட்டுக்கொண்டு படுக்க என்னாலை ஏலாது. பேபி இருக்குது."

"அதெல்லாம் சூடா இருக்கும் பிள்ளை" என்றேன். நான் வாழ்க்கையில் கொடுத்த சில வாக்குறுதிகளில் அது ஒன்று.

எங்கள் வீட்டுக்குச் சூடு தருவது நிலக்கீழ் அறையில் இருக்கும் காஸ் பொயிலர். அதிலிருந்து வருகிற நச்சுக்காற்று கூரைக்கு மேலே நிற்கும் செங்கல் புகைக்கூட்டு வழியாக வெளியே போகவேண்டும். இலையுதிர்காலத்தில் பொயிலரைப் பார்க்க வந்தவன், புகைக்கூட்டின் மேற்பகுதி உதிர்ந்து கொட்டுகிறது, குளிருக்கு முன் திருத்தாவிட்டால் ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனான். மனைவி மருமகனைக் கொண்டு புகைக்கூடு திருத்துகிற ஆட்களைத் தேடினாள். எல்லோரும் வசந்தகாலத்தில் வருகிறோம் என்றார்கள். பிள்ளை மார்கழியில் வருகிறது. நான் தொலைபேசியை எடுத்து "சீமெந்து" என்ற பெயரை அழுத்தினேன்.

அண்ணை வந்தார். ஏணி வைத்து எங்கள் தட்டைக் கூரையில் ஏறினார். அவர் சுவர்களோடு பேசுகிறவர். சாதாரண சுவரை "இவன்" என்பார். விரலை மடக்கித் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "இவன் களைச்சுப் போனான்" என்பார். புகைக்கூட்டைத் தட்டிவிட்டு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இவர் வயசு போன மனிசன் தம்பி. இவரோட மரியாதையாத்தான் நடக்கோணும். தொப்பியில்லாமல் மழையில நிண்டு நிண்டுதான் நெஞ்சு பழுதாகிப் போச்சு. நான் ஒரு வடிவான தொப்பி போட்டுவிடுறன்."

"பேபி வருகுதண்ணை..." என்று நான் தொடங்கினேன்.

"தம்பி என்ன நினைக்கிறான் எண்டு எனக்குத் தெரியும். வீடு சூடா இருக்கோணும். பிள்ளைக்கு வேர்க்குமடா தம்பி, வேர்க்கும்!"

நல்ல நாள் பார்த்து வேலை தொடங்கினார். அத்தோடு நிற்கவில்லை. கட்டுகிற வேலைக்குக் கண்ணூறு படக்கூடாதென்று, எங்கள் ஊரில் புது வீட்டுக்கு முன்னால் வைப்பதுபோல ஒரு வெருளிப் பொம்மையும் செய்தார். என்னுடைய பழைய குளிர் ஜக்கெற், காற்சட்டை, உள்ளே கிழிந்த தலையணைப் பஞ்சு, தலைக்கு ஒரு பூசணிக்காய். அதைக் கொண்டுபோய்ப் புகைக்கூட்டின் பக்கத்தில் ஒரு தடியில் கட்டினார். காற்றடிக்க அது கூரையின் விளிம்பில் நின்று தள்ளாடியது.

பக்கத்து வீட்டு மதாம் நல்ல மனுஷி, தனியாக இருக்கிறவள். யன்னலால் பார்த்திருக்கிறாள். யாரோ ஒருவன் கூரையிலிருந்து குதிக்கப்போகிறான் என்று நினைத்து உடனே தொலைபேசி எடுத்துவிட்டாள். தீயணைப்பு வண்டி ஊதிக்கொண்டு வந்தது. நான் வாசலுக்கு வருவதற்குள் ஒரு பெரிய தீயணைப்பு வீரர் தெருவில் நின்று, இரண்டு கையையும் விரித்து, மேலே பார்த்து மிகவும் அன்பாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அசைய வேண்டாம், கீழே பார்க்க வேண்டாம், நாங்கள் இருக்கிறோம் என்பதுபோலத்தான் எனக்கு விளங்கியது.

சீமெந்து அண்ணை அந்த நேரம் புகைக்கூட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு ஒரே ஒரு வசனம். பிரச்சினையே இல்லை என்று அர்த்தம். தெருவிலிருந்து யாரோ தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, தலையைக் காட்டாமலே அங்கிருந்து பலமாகப் பதில் சொன்னார்:

"பா து ப்ரொப்ளெம்!"

பூசணிக்காய் பேசியதைக் கேட்ட அந்தத் தீயணைப்பு வீரரின் முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

புகைக்கூடு முடிந்தது. நானும் ஏறிப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாக இருந்தது. யாழ்ப்பாணத்துக் குசினிகளில் அடுப்புக்கு மேலே இருக்குமே, அதேபோல. மேலே மழை விழாமல் தட்டையாக ஒரு சீமெந்து மூடி. மூடிக்குக் கீழே நாலு பக்கமும் சின்னச் சின்ன யன்னல்கள், புகை போவதற்கு. மூலைகளில் பூவேலைகூட இருந்தது. தெருவில் வேறு ஒருவருக்கும் அப்படியொரு புகைக்கூடு இல்லை. ஏன் இல்லை என்று நாங்கள் யோசித்திருக்கலாம்.

"ஒரு சொட்டு மழை உள்ளுக்கை போகாது" என்றார் அண்ணை.

அவர் சொன்னது முழு உண்மை. அந்தப் புகைக்கூட்டுக்குள் ஒரு சொட்டு மழையும் போகவில்லை.

மகள் பிள்ளையோடு வந்தாள். பெண் பிள்ளை. வீடு சூடாக இருந்தது. அண்ணை கையை மூன்று தரம் கழுவி, புருவத்தையும் கழுவிக்கொண்டு பிள்ளை பார்க்க வந்தார். சீமெந்து இல்லாத புருவத்தோடு அவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. பிள்ளையைத் தூக்கவில்லை. "என்ர கை சொரசொரப்பு, உரசிப்போடும்" என்று எட்ட நின்று பார்த்தார். பிறகு சுவரில் இருந்த ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அடுத்த கிழமை பெரிய பனிப்புயல் அடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. வேலைக்குப் போகவில்லை, பஸ் ஓடவில்லை. காலையில் நான் மின்சாரக் கேத்திலில் போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தபோது நடையில் இருந்த அலாரம் கத்தத் தொடங்கியது.

எங்கள் வீடுகளில் அலாரம் கத்தினால் ஒருவரும் ஓடுவதில்லை. மிளகாய் வறுத்தால் கத்தும், கடுகு தாளித்தால் கத்தும், மீன் பொரித்தால் கத்தும். கறி பதமாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். மனைவி வழக்கம்போல ஒரு துவாயை எடுத்துக்கொண்டு போய் அதற்குக் கீழே நின்று விசிறினாள்.

விசிறிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, நான் இண்டைக்கு இன்னும் அடுப்பு மூட்டேல்லையே."

அதற்குள் மகள் பிள்ளையைக் கம்பளிக்குள் சுற்றிக்கொண்டு அறையிலிருந்து ஓடிவந்தாள். "அம்மா, அது புகை அலாரமில்லை! காஸ் அலாரம்! வெளியில போங்கோ! அப்பா, அந்தக் கோப்பையை வைச்சிட்டு வாங்கோ. அலே, அலே!"

வெறும் காலோடு சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு பனிக்குள் இறங்கினோம். மதாம் தன் கதவைத் திறந்து எங்களை உள்ளே இழுத்தாள். தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்களில் முன்னர் வந்த அதே பெரிய வீரரும் இருந்தார். எங்கள் வீட்டைக் கண்டதும் முதலில் கூரையைத்தான் பார்த்தார். மேலே ஏறினார். இறங்கி வந்து, மகளிடம் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். மகள் எங்களுக்குச் சொன்னாள்.

"அந்தச் சின்ன யன்னல் எல்லாம் ஸ்னோ அடைச்சு, ஐஸாப் போச்சுதாம். காஸ் வெளியில போக வழியில்லாமல் திரும்பி வீட்டுக்குள்ள வந்திருக்குதாம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்..." அதற்கு மேல் அவர் சொன்னதை அவள் மொழிபெயர்க்கவில்லை.

காஸைப் பூட்டினார்கள். எங்களையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது சீமெந்து அண்ணை எங்கள் வாசலில் நின்றார். யார் சொன்னார்களோ தெரியாது. தொப்பிகூட இல்லாமல் பனிக்குள் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் மதாம் வீட்டுப் படியில் நின்றே கேட்டாள். சின்ன வயதிலிருந்து அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறவள்.

"மாமா, இந்த ஊரில எவ்வளவு காலமா இருக்கிறியள்?"

அவர் புருவத்தில் விழுந்த பனியைத் துடைத்தார்.

"நீங்கள் மழைக்குக் கட்டியிருக்கிறியள் மாமா. இஞ்சை பெய்யிறது ஸ்னோ. என்ர பிள்ளை செத்திருக்கும்."

நான் நினைப்பதற்கு முன்னமே என் நினைப்பைச் சொல்லுகிற மனிதர், என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லடா என்பதுபோலப் பார்த்தார். மகள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை, அதுதான் கஷ்டம். அவர் திரும்பிப் போய்விட்டார்.

பின்னேரம் அவருடைய பழைய வான் திரும்பி வந்தது. கதவைத் திறந்தார். உள்ளே முழுக்க மின்சார ஹீட்டர்கள். சின்னது, பெரியது, காற்றூதுவது, எண்ணெய் விட்டது, ஒன்றில் பூனைப்படம் ஒட்டியிருந்தது. தான் வேலை செய்த வீடுகளுக்கெல்லாம் அந்தப் பனிக்குள் போய்க் கதவைத் தட்டி, இரந்து வாங்கி வந்திருக்கிறார். அவர் கட்டிய வீடுகள் எல்லாவற்றிலும் குளிர் புகும் என்பதால் எல்லோரிடமும் ஹீட்டர் இருந்திருக்கிறது.

அறைக்கு அறை கொண்டுபோய் வைத்தார். எல்லாவற்றையும் ஒன்றாக மூட்டினார். வீடு ஒரு நிமிஷம் விடிகாலை வெள்ளாப்புப்போலச் சிவந்தது. பிறகு டக்கென்று முழு வீடும் இருண்டது. மின்சாரப் பெட்டியில் இருந்த சுவிச்சுகள் எல்லாம் விழுந்துவிட்டன. இருட்டுக்குள் அவர் குரல் மட்டும் கேட்டது.

"தங்கச்சி, ஒரு மெழுகுதிரி இருக்கோ?"

மனைவி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. அன்றைக்கே மருமகன் வந்து அவளையும் பிள்ளையையும் தங்கள் அப்பார்ட்மெண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அரைத்த சரக்கை மனைவி போத்தல்களில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தாள். முப்பத்தொன்று அங்கேதான் கழிந்தது. அந்த நாட்களில் என் பேத்தி எங்கள் வீட்டில் இருக்கவில்லை. அந்தக் குறை மனைவிக்கு இன்னும் தீரவில்லை.

அதற்குப் பிறகு சீமெந்து அண்ணை செய்தது ஒருவரும் எதிர்பாராதது. அதே மாதிரிப் புகைக்கூடுகள் நகரின் வடக்கே அஹுன்ட்சிக் பகுதியிலும் சில வீடுகளில் கட்டியிருந்தார். ஒரு சுத்தியலோடும் ஏணியோடும் ஒவ்வொரு வீடாகப் போனார். கட்டுகிறபோது ஒரு வீட்டுக்கும் சொன்ன நாளில் போகாதவர், உடைக்க எல்லா வீட்டுக்கும் சொல்லாமலே போனார். எங்கள் கூரையில் ஏறி அந்தப் பூவேலை செய்த மூடியை உடைத்தபோது நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து சத்தம் மட்டும் கேட்டது. அவர் புகைக்கூட்டோடு எதுவும் பேசவில்லை. இறங்கி வந்து, தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் கடைசி. அதோடு சாந்துக் கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

புகைக்கூட்டை அனுமதிப் பத்திரம் உள்ள ஆட்கள் வந்து ஒழுங்காகக் கட்டினார்கள். காதில் எதையோ செருகிக்கொண்டு வேலை செய்தார்கள். எல்லாம் நேராக இருக்கிறது. ஒருவரும் மேசையில் வந்து இருக்கவில்லை. இப்போதும் ஏதாவது பழுதென்றால் அப்படியான ஆட்கள்தான் வருகிறார்கள். வருகிறார்கள், செய்கிறார்கள், போகிறார்கள். நான் நினைப்பது என்ன என்று கேட்க ஆளில்லாமல் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பேத்தி இப்போது அடிக்கடி வருகிறாள். சீமெந்து மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று மகள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது. கோயிலில் தூரத்தில் கண்டிருக்கிறேன். நான் கிட்டப் போவதற்குள் செருப்பைத் தேடிப் போய்விடுவார். ஓடிப்போய்ப் பிடித்துக் கதைக்கிற ஆள் நானில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

போன மாசி மாதம், வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றேன். நல்ல குளிர். ஒரு வெள்ளைக் கார் வந்து பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"ஏறடா தம்பி. விறைச்சுச் சாகப்போறியே?"

இப்போது ஒரு சாப்பாட்டுக் கடைக்கு டெலிவரி செய்கிறாராம். பின் சீற்றில் கொத்துரொட்டி மணந்தது. புருவம் சுத்தமாக, நரைத்துப்போய் இருந்தது. ஏறி இருந்தேன். கொஞ்சத் தூரம் இரண்டு பேரும் பேசவில்லை. எனக்கு அது வழக்கம். அவருக்கு இல்லை.

"வீடு சூடா இருக்குதோ?" என்று கேட்டார். றோட்டைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

"ஓமண்ணை."

"பிள்ளை?"

"கார்ட்ரி நேர்சரிக்குப் போறா. நல்லாக் கதைப்பா. பாதி பிரெஞ்சு, பாதி தமிழ்."

"தாயைப்போலக் கெட்டிக்காரியாத்தான் வருவாள்" என்றார். பிறகு, "தாய் அண்டைக்குச் சொன்னது சரி தம்பி" என்றார்.

இல்லை அண்ணை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரிதான் என்று சொல்லவும் வரவில்லை.

எங்கள் தெருமுனை வந்தது. உள்ளே திருப்பாமல் ஓரமாக நிற்பாட்டினார். "இதில இறங்கி நடவன். எனக்கு டெலிவரி இருக்குது."

நான் கதவில் கை வைத்தேன். இந்த முறை அவர் எனக்காக ஒன்றும் சொல்லவில்லை. நானேதான் சொல்ல வேண்டியிருந்தது.

"எனக்கொரு அவசரமுமில்லை அண்ணை" என்றேன். "அந்தச் சாப்பாட்டைக் குடுத்திட்டு, இன்னும் கொஞ்சம் சுத்திக்கொண்டு வருவம்."